கெர்சாவ்: ஏரிக்கரைச் சிற்றூரில் புதிதாகக் குடியேறுவோருக்கு

சுவிஸின் நடுவில், ஷ்வீட்ஸ் மாநிலத்தில், ஃபியர்வால்ட்ஷ்டேட்டர் ஏரியின் (லூசேர்ன் ஏரி) வடகரையில், ரீகி மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கிறது கெர்சாவ். மக்கள் தொகை சுமார் 2,300. ஏரிப் பங்கையும் சேர்த்தால் பரப்பு ஏறக்குறைய 24 சதுர கி.மீ. இந்தச் சிற்றூர் 1390 முதல் 1798 வரை, நானூறு ஆண்டுகளுக்கு மேல், யாருக்கும் அடங்காத தனிக் குடியரசாக இருந்தது. ஊர் அலுவலகக் கடிதத்தில் 'கெமைண்ட' (ஊராட்சி) என்று போடாமல் 'பெட்சிர்க்' (மாவட்டம்) என்று போடுவது ஏன், காட்டிலிருந்து விறகு எடுக்க யாரைக் கேட்பது, கரைச் சாலை மூடிவிட்டால் வேலைக்கு எப்படிப் போவது என்று புதிதாக வந்தவர் கேட்கும் பல கேள்விகளுக்கு அந்த வரலாற்றிலும் நிலத்திலும்தான் விடை இருக்கிறது. அதனால் அலுவலக வேலைகளையும் ஊர் அறிமுகத்தையும் தனித்தனியாகப் பிரிக்காமல், செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்கிறோம்.

முதலில் படகுத்துறைக்குப் போங்கள்

பெட்டி படுக்கையை இறக்கி வைத்ததும் செய்ய வேண்டியது, ஏரியைப் பார்த்தபடி அரை மணி நேரம் துறையில் நிற்பது. எதிரே தெரிவது தெற்கு. அந்தக் கரையில் உள்ள பெக்கன்ரீட் வேறு மாநிலம், நீட்வால்டன். இடது கைப் பக்கம் கரையோரச் சாலை புருன்னன் ஊருக்குப் போகிறது. வலது பக்கம் விட்ஸ்னாவுக்கு. கெர்சாவுக்குள் வரவும் வெளியே போகவும் சாலை வழி இந்த இரண்டுதான்.

இப்போது திரும்பி மலையைப் பாருங்கள். வலப்பக்கம் கூராக நிற்பது ரீகி ஹோக்ஃப்ளூ, 1,698 மீட்டர். இடப்பக்கம் உள்ள பாறைமுடியை வரைபடங்கள் விட்ஸ்னாவர்ஷ்டொக் என்கின்றன. கெர்சாவ் பக்கம் அதற்குக் கெர்சாவர்ஷ்டொக் என்று பெயர். ஒரே மலைக்கு இரண்டு ஊரும் தன் தன் பெயரை வைத்திருக்கின்றன. நடுவில், பின்னால் தள்ளி, ரீகி ஷைடெக். ஏரியின் நீர்மட்டம் கடலுக்கு மேல் 434 மீட்டர். சில கிலோமீட்டருக்குள் நிலம் 1,200 மீட்டருக்கு மேல் எழுந்துவிடுகிறது.

வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை அந்த மலைச்சுவர் தடுக்கிறது. தெற்கு வெயிலை ஏரி வாங்கிக் கரைக்குத் திருப்பித் தருகிறது. அதனால்தான் ஆல்ப்ஸின் வடபுறத்தில் இருந்தும் இங்கே அத்தியும் செஸ்ட்நட்டும் காய்க்கின்றன, தோட்டங்களில் பனையினத் தாவரங்கள் நிற்கின்றன. வெளித்தொட்டியில் கறிவேப்பிலை வைக்கலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பனி இங்கேயும் விழும். இலையுதிர்காலத்திலேயே தொட்டியை வீட்டுக்குள், தெற்கு ஜன்னலோரம் எடுத்துவிட வேண்டும்.

பாறையையும் கொஞ்சம் கவனியுங்கள். ரீகியின் பெரும்பகுதி நாகல்ஃப்ளூ, அதாவது பழைய ஆறுகள் கொண்டுவந்த கூழாங்கற்கள் இறுகி ஆன பாறை. ஹோக்ஃப்ளூவும் விட்ஸ்னாவர்ஷ்டொக்கும் சுண்ணாம்புப் பாறை. நாகல்ஃப்ளூ அடுக்குகளுக்கு இடையே களிமண் படிவுகள் உண்டு. மழைநீர் அங்கே இறங்கினால் மேலடுக்கு வழுக்கும். ரீகிக்கு வடகிழக்கே உள்ள ரோஸ்பெர்க் மலை 1806 செப்டம்பர் 2 அன்று இப்படித்தான் சரிந்து கோல்டாவ் ஊரை மூடியது. 457 பேர் இறந்தார்கள்.

இதில் உங்களுக்கு உள்ள வேலை இது: வீடு வாங்கப் போகிறீர்கள் என்றால், ஏன் வாடகைக்கு எடுப்பதென்றாலும், மாநிலத்தின் இயற்கை இடர் வரைபடத்தை இணையத்தில் திறந்து உங்கள் முகவரியைத் தேடுங்கள். சிவப்பு என்றால் கடும் ஆபத்து, நீலம் நடுத்தரம், மஞ்சள் குறைவு, மஞ்சளும் வெள்ளையும் கோடு போட்டிருந்தால் மிச்ச ஆபத்து. ஊரின் மையப்பகுதி, மலையோடைகள் மண்ணும் கல்லும் கொண்டுவந்து கொட்டி ஏரிக்குள் விரித்த விசிறி மேட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. கட்டத் தட்டையான இடம் வேறு இல்லை. அந்த இடத்தை உண்டாக்கிய ஓடையே பெருமழையில் ஆபத்தாகவும் வரும். நிலவறையில் சாமான் வைப்பவர்கள் அட்டைப் பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகை அடுக்கில் வைப்பது நல்லது. வீட்டுப் பொருள் காப்பீட்டில் வெள்ளமும் மண்சரிவும் சேர்ந்திருக்கிறதா என்று பத்திரத்தில் பாருங்கள்.

ஏரிக்கும் தன் வரலாறு உண்டு. கெர்சாவுக்கு முன்னால் உள்ள நீர்ப்பரப்பில்தான் இந்த ஏரி மிக ஆழம், 214 மீட்டர். 1601 செப்டம்பரில் உண்டான நிலநடுக்கத்தில் கரைச்சரிவுகள் நீருக்குள் சரிந்து, சில இடங்களில் 4 மீட்டர் உயரம் வரை அலை எழுந்து கரையேறியது. கடலே இல்லாத நாட்டில் ஆழிப்பேரலையா என்று கேட்பவர்களுக்கு இந்த ஏரியின் அடிச்சேறு சாட்சி. அந்தச் சரிவின் படிவுகளை ஆய்வாளர்கள் அதில் கண்டெடுத்திருக்கிறார்கள்.

பதிவு: 14 நாள்

சுவிஸுக்குள் புதிதாக வந்தாலும், வேறு ஊரிலிருந்து மாறி வந்தாலும், 14 நாளுக்குள் ஊர் அலுவலகத்தின் குடியிருப்போர் பதிவுப் பிரிவுக்குப் போக வேண்டும். ஜெர்மனில் ஐன்வோனர்அம்ட். வெளிநாட்டிலிருந்து வேலைக்காக வருபவர்கள் வேலை தொடங்கும் நாளுக்கு முன்பே பதிந்தாக வேண்டும். வேறு சுவிஸ் ஊரிலிருந்து வருபவர்கள் முதலில் பழைய ஊரில் விலகல் பதிவு செய்துவிட்டு வாருங்கள். அதை மறந்தால் இரண்டு ஊரிலும் பெயர் நிற்கும், வரிக் கடிதமும் இரண்டு பக்கமிருந்தும் வரும்.

கொண்டு போக வேண்டியவை: குடும்பத்தில் ஒவ்வொருவரின் கடவுச்சீட்டு, வதிவிட அனுமதி அல்லது விசா ஒப்புதல் கடிதம், வாடகை ஒப்பந்தம், வேலை ஒப்பந்தம், திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கடவுச்சீட்டு அளவுப் படம், மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அது. தமிழிலோ சிங்களத்திலோ உள்ள சான்றுகளுக்கு, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்த ஜெர்மன் மொழிபெயர்ப்பு வேண்டும். நண்பர் எழுதிக் கொடுத்தது செல்லாது.

அந்தப் படிவத்தில் இரண்டு கட்டங்களில் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள்.

ஒன்று, பெயர். படிவம் குடும்பப் பெயர் ஒன்று, முன்பெயர் ஒன்று என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். நமக்கோ குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பன் பெயரும் தன் பெயரும்தான். கடவுச்சீட்டில் எந்தப் பெயர் எந்த வரியில் இருக்கிறதோ அப்படியே பதிவேட்டில் ஏறும், பிறகு வங்கி, காப்பீடு, பள்ளி எல்லாம் அதையே எடுத்துக்கொள்ளும். கணவனுக்கு ஒரு குடும்பப் பெயர், மனைவிக்கு வேறு, பிள்ளைக்கு மூன்றாவது என்று ஆகிவிடுவது சாதாரணம். பதியும் நாளிலேயே எல்லோருடைய கடவுச்சீட்டையும் பிறப்புச் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் எழுத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் அங்கேயே சொல்லுங்கள். இங்கே ஒரு பிள்ளை பிறந்த பிறகு திருத்தப் போனால், ஊரிலிருந்து புதுச் சான்று எடுத்து, தூதரக வழியாகச் சரிபார்த்து, மாதக்கணக்கில் இழுக்கும்.

இரண்டு, 'கொன்ஃபெஸ்ஸியோன்', அதாவது சமயம். இது சும்மா கேட்கும் கேள்வி இல்லை. ரோமன் கத்தோலிக்கர் அல்லது சீர்திருத்தத் திருச்சபை என்று குறித்தால் அந்தத் திருச்சபைக்கான வரி உங்கள் வரியோடு சேர்ந்து வரும். சைவர்கள் 'வேறு' என்ற கட்டத்தைக் குறியுங்கள். 'கிறிஸ்தவர்' என்று பொதுவாகச் சொன்னால் எந்தச் சபை என்று கேட்பார்கள். வேறு சபையைச் சேர்ந்தவர்கள் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சம்பளத்திலிருந்தே வரி பிடிக்கப்படுபவர்கள், முதல் மாதச் சம்பளச் சீட்டிலேயே தங்கள் வரிப்பிரிவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

அடுத்த மூன்று மாதத்தில்

மருத்துவக் காப்பீடு எடுக்க மூன்று மாதம் அவகாசம். அதற்குள் எடுத்தால், வந்த நாளிலிருந்தே காப்பீடு செல்லும். தவணையும் அந்த நாளிலிருந்தே கட்ட வேண்டும். ஆகவே தள்ளிப்போடுவதால் ஒரு பிராங்க்கூட மிச்சமாகாது. தாமதித்தால் கூடுதல் தவணை விதிப்பார்கள், இடையில் வந்த செலவும் உங்கள் தலையில். பெரியவர்களுக்கு முதலில் தானே ஏற்கும் தொகை ஆண்டுக்கு 300 முதல் 2,500 பிராங்க் வரை தெரிவு செய்யலாம். அதற்கு மேல் வரும் செலவில் 10 சதவீதம் உங்களுடையது, ஆண்டுக்கு அதிகபட்சம் 700 பிராங்க். மாதத் தவணை குறைகிறதே என்று 2,500-ஐத் தெரிவு செய்துவிட்டு, கையில் அந்தப் பணம் இல்லாமல் மருத்துவரிடம் போகாமலே இருப்பவர்கள் உண்டு. சேமிப்பு இல்லாதவர்கள் 300-ஐ எடுங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மாநிலம் தவணைக் குறைப்பு தருகிறது. அதற்கு விண்ணப்பமும் கடைசித் தேதியும் உண்டு, பதியப் போகும் நாளிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இலங்கை, இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு 12 மாதம் வரை ஓட்டலாம். அதற்குள் மாற்ற வேண்டும், மாற்றக் கட்டுப்பாட்டு ஓட்டம் (அதிகாரி பார்க்க ஓட்டிக் காட்டுவது) ஒன்று உண்டு. அது பரீட்சை மாதிரி இல்லை, ஒரே ஒரு தடவைதான். தோற்றால் பழைய உரிமம் சுவிஸில் செல்லாது. கற்போர் உரிமத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே ஓட்டுநர் பயிற்சியாளரோடு சில மணி நேரம் பழகிவிட்டுப் போங்கள். இங்கே தோற்பவர்கள் பெரும்பாலும் ஓட்டத் தெரியாதவர்கள் இல்லை. வலப்பக்க முன்னுரிமையைக் கவனிக்காமல் விட்டவர்களும், தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்காதவர்களும்தான்.

வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் வீட்டுக்கு ஒன்று. பெட்டி இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. 2021-இல் அது ஆண்டுக்கு 335 பிராங்காக இறங்கியது. கடிதம் தானாக வரும்.

யார் யார் இந்த ஊரில்

இங்கேதான் கெர்சாவ் மற்ற ஊர்களிலிருந்து வேறுபடுகிறது. ஷ்வீட்ஸ் மாநிலத்தில் 30 ஊராட்சிகள், அவற்றுக்கு மேலே 6 மாவட்டங்கள். அந்த மாவட்டம்தான் பெட்சிர்க். கெர்சாவ், ஐன்சீடெல்ன், க்யூஸ்னாக்ட் ஆகிய மூன்றும் ஒரே ஊராட்சியாலான மாவட்டங்கள். ஆகவே கெர்சாவில் ஊராட்சியும் மாவட்டமும் ஒன்றே. மற்ற ஊரில் ஊராட்சித் தலைவர் இருக்கும் இடத்தில் இங்கே பெட்சிர்க்ஸ்அம்மன். ஊராட்சி மன்றம் இருக்கும் இடத்தில் பெட்சிர்க்ஸ்ராட். படிவத்தில் 'கெமைண்ட' என்று கேட்டாலும் 'பெட்சிர்க்' என்று கேட்டாலும் கெர்சாவ் என்றே எழுதுங்கள், தவறில்லை.

ஏன் இப்படி ஆனது? 11-ஆம் நூற்றாண்டில் கெர்சாவ் ஹப்ஸ்பூர்க் குலம் நிறுவிய மூரி மடத்தின் நிலமாக இருந்தது. ஊரின் மீதான அதிகாரம் பிறகு லூசேர்ன் நகரத்து வான் மோஸ் குடும்பத்திடம் போயிற்று. 1359-இல் கெர்சாவ் ஏரிக்கரை வன மாநிலங்களோடு (ஊரி, ஷ்வீட்ஸ், உன்டர்வால்டன், லூசேர்ன்) உடன்படிக்கை செய்துகொண்டது. 1390-இல் ஊர்மக்கள் பணம் சேர்த்து, 690 பவுண்டு பென்னிகளைக் கொடுத்து வான் மோஸ் குடும்பத்திடமிருந்து தங்களைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். மீனும் மாடும் தவிர வேறு வருமானம் அதிகம் இல்லாத ஓர் ஊர் அந்தத் தொகையைப் புரட்டியது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1433-இல் பேரரசர் சிகிஸ்மண்ட், கெர்சாவ் பேரரசுக்கு மட்டுமே கட்டுப்பட்டது, இடையில் வேறு பிரபு இல்லை என்று உறுதி செய்தார். அதன்பின் தன் சட்டம், தன் நீதிமன்றம், திறந்தவெளி மக்கள் சபை.

1798-இல் பிரெஞ்சுப் படை வந்து ஹெல்வெத்தியக் குடியரசை நிறுவியபோது அது முடிந்தது. 1814-இல் கெர்சாவ் மறுபடியும் தன்னைத் தனிக் குடியரசு என்று அறிவித்தது. அது நீடிக்கவில்லை. சுவிஸ் கூட்டமைப்பின் சபை ஷ்வீட்ஸுடன் சேர்த்துத் தீர்மானித்தது. 1818-இலிருந்து கெர்சாவ் ஷ்வீட்ஸின் ஒரு மாவட்டம். நாடாக இருந்த ஊருக்குச் சேர்ந்தபோது கிடைத்த மரியாதைதான் அந்த 'பெட்சிர்க்' என்ற சொல். ஊர்க்காரரிடம் 'இது சின்னக் கெமைண்டதானே' என்று சொன்னால் அவர் முகம் மாறுவதற்குக் காரணம் இதுதான்.

பெட்சிர்க் ஒரு பக்கம் என்றால், கெனொஸ்ஸமெ இன்னொரு பக்கம். இது பழைய குடிகளின் கூட்டுடைமை அமைப்பு. காடும் மலை மேய்ச்சல் நிலமும் பெரும்பாலும் அதனிடம். காட்டில் நடக்கலாம், வீட்டுத் தேவைக்குப் பழமும் காளானும் அளவோடு பறிக்கலாம். ஆனால் விழுந்து கிடக்கும் மரத்தை வெட்டி எடுக்க வேண்டுமானால் சொந்தக்காரர் அனுமதி வேண்டும். புதிதாக வந்தவர்கள் ஊர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்பார்கள், அவர்கள் கெனொஸ்ஸமெயைக் கேளுங்கள் என்பார்கள். அலைய விடுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். உண்மையிலேயே இரண்டும் வேறு. திருச்சபைக்கும் தனி ஊராட்சி உண்டு. ஆக ஒரே ஊரில் மூன்று நிர்வாகம்.

தபால் பெட்டிகளில் உள்ள பெயர்களைப் பாருங்கள். கமென்சிண்ட், க்யூட்டெல், நிக், ரிகெர்ட், பகென்ஷ்டோஸ் என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். இவை பழைய கெர்சாவ்க் குடிகள். ஒரே குடும்பப் பெயரில் பலர் இருப்பதால், ஒருவரைப் பற்றிப் பேசும்போது முன்பெயரோ வீட்டுப் பெயரோ சேர்த்துச் சொல்லுங்கள். 'கமென்சிண்ட் சொன்னார்' என்றால் எந்தக் கமென்சிண்ட் என்று கேட்பார்கள்.

வெளியே போக, உள்ளே வர

கெர்சாவுக்கு ரயில் கிடையாது. பக்கத்து ரயில் நிலையம் புருன்னன், 1882-இல் திறந்த கொத்தார்ட் ரயில்பாதையில். அங்கிருந்து கரையோரப் பேருந்தில் அரை மணி நேரத்துக்கும் குறைவு. அதே பேருந்துப் பாதை மறுபக்கம் விட்ஸ்னாவ், வெக்கிஸ் வழியாக க்யூஸ்னாக்ட் போகிறது. 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில்தான் இந்தக் கரைச் சாலை வந்தது. அதுவரை கெர்சாவுக்கு வழி படகு, இல்லாவிட்டால் மலைப்பாதை. நானூறு ஆண்டு யாரும் வந்து பிடித்துக்கொள்ளாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சாலை பாறைக்கும் நீருக்கும் நடுவே செதுக்கியது. கல் விழுந்தாலோ பழுது பார்த்தாலோ ஒரு பக்கம் மூடும். அப்போது மறுபக்கமாக ஏரியையோ ரீகியையோ சுற்றிப் போக வேண்டும். பல மடங்கு நேரம். நேர்காணல், மருத்துவமனை நேரம் போன்றவை இருக்கும் நாளில் முதல் நாள் இரவே சாலை நிலையையும் பேருந்து நிலையையும் பாருங்கள். கடைசிப் பேருந்து எப்போது என்பதை மனப்பாடமாக வைத்திருங்கள். நகரத்தில் இருந்து வருபவர்கள் மாலை வேலை முடிந்து புருன்னனில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

பெக்கன்ரீடுக்குக் கார் ஏற்றும் படகு உண்டு, 1930 முதல். இப்போது ஓடும் 'டெல்ஸ்ப்ருங்' 1964-இல் வந்தது. ஏரியைக் கடக்க 20 நிமிடம். ஆனால் ஆண்டு முழுவதும் ஓடாது. வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரைதான், அதிலும் எல்லா நாளும் இல்லை. அதை நம்பி அந்தக் கரையில் வேலை எடுக்காதீர்கள்.

பயணிக் கப்பல் லூசேர்னுக்குப் போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவசரத்துக்கு உதவாது, ஆனால் முதல் மாதத்தில் ஒரு தடவையாவது போங்கள். பாதி விலைப் பயண அட்டை கப்பலிலும் செல்லும். கோடையில் பழைய சக்கர நீராவிக் கப்பல்கள் வரும்: 'ஊரி' 1901-இல் கட்டியது, 'உன்டர்வால்டன்' 1902, 'ஷில்லர்' 1906, 'காலியா' 1913, 'ஷ்டாட் லூசேர்ன்' 1928. கப்பலின் நடுவில் தடுப்புக் கம்பி போட்ட திறப்பு ஒன்று இருக்கும். அங்கே குனிந்தால் எண்ணெய் மினுங்கும் எஃகுக் கைகள் சக்கரத்தைச் சுழற்றுவது தெரியும். பிள்ளைகளை அங்கிருந்து இழுத்துக்கொண்டு வருவது கஷ்டம்.

ஏரியில் இறங்கும் முன்

கரையில் ஆரஞ்சு நிற விளக்கு ஒன்று கம்பத்தின் மேல் இருக்கும். சாதாரண நாளில் அணைந்தே இருக்கும். அது சுழன்று மின்னினால் எண்ணுங்கள். நிமிடத்துக்கு சுமார் 40 தடவை என்றால் பலத்த காற்று வரப் போகிறது, எச்சரிக்கை. 90 தடவை என்றால் புயல் எச்சரிக்கை, உடனே கரைக்கு. கணக்கு எளிது: மெதுவாக, நொடிக்கு ஒன்றுக்கும் குறைவாக மின்னினால் எச்சரிக்கை, நொடிக்கு ஒன்றுக்கு மேல் படபடவென்று அடித்தால் புயல். வானம் நீலமாக இருந்தாலும் விளக்கை நம்புங்கள். ஃப்யோன் என்ற தென்காற்று தெளிந்த வானத்தில்தான் வரும். மலையைத் தாண்டி இறங்கும்போது சூடாகி, ஊரி மாநிலப் பக்கத்து ஏரிக்கையில் குழாய்க்குள் போல் பாய்ந்து புருன்னனை நேரே தாக்கும். கெர்சாவ் பக்கம் ஓரளவு மறைவு. ஆனால் துடுப்புப் பலகையில் கிழக்கே போனவர்கள் முனையைத் தாண்டியதும் மாட்டிக்கொள்வார்கள்.

நீச்சல் பழகாதவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. கரையிலிருந்து சில அடி நடந்ததும் அடி சட்டென்று கீழே போய்விடும். கடற்கரை மாதிரி படிப்படியாக ஆழம் கூடாது. மேல்நீர் கோடையில் இதமாக இருக்கும், காலுக்குக் கீழே குளிர் அப்படியே இருக்கும். வெயிலில் சூடேறிய உடம்போடு குதிப்பதுதான் பல மரணங்களுக்குக் காரணம். முதலில் நனைந்து, மெல்ல இறங்குங்கள். பிள்ளைகள் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஊர்க் குளிப்பிடத்தில் குளியுங்கள். பயணிக் கப்பல் துறையைச் சுற்றி 100 மீட்டருக்குள் நீந்துவதற்குத் தடை உண்டு.

தூண்டிலோடு போகும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. ஃபெல்ஷனும் எக்லியும் நல்ல மீன்தான். ஆனால் ஒரே ஏரியை ஐந்து மாநிலங்கள் பங்கிட்டுக்கொண்டிருப்பதால் அனுமதி, அளவு, தடைக்காலம் எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஷ்வீட்ஸ் மாநில விதியைக் கேட்டு அனுமதி வாங்காமல் போடாதீர்கள்.

வீட்டுக்குள்ளும் வெளியிலும்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். குப்பைக்குக் கட்டணம் உண்டு. ஊரில் செல்லும் பை எது, எந்த நாளில் வெளியே வைப்பது என்பது குப்பை நாட்காட்டியில் இருக்கும்; பதியும்போது கேட்டு வாங்குங்கள். முதல் நாள் மாலையே பையை வைத்தால் நரி கிழித்துவிடும். காலையில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிப் போத்தல் போடுவது, புல் வெட்டுவது, துளையிடுவது கூடாது. இரவு 10 மணிக்குப் பிறகு அமைதி. துணி துவைக்கும் அறைக்கு நாள் குறித்திருப்பார்கள், முடித்ததும் இயந்திரத்தின் வடிகட்டியைத் துடைத்து வையுங்கள். அயலவர் முறைப்பாடுகளில் பாதி இந்த வடிகட்டியில்தான் தொடங்குகிறது. தாளிக்கும்போது காற்றுப்போக்கியைப் போடுங்கள், படிக்கட்டுக் கதவைச் சாத்துங்கள்.

வழியில் எதிர்ப்படுபவர் தெரியாதவராக இருந்தாலும் 'க்ரூயெட்சி' சொல்லுங்கள். பலர் இருந்தால் 'க்ரூயெட்சி மிதெனாண்ட்'. இவ்வளவு சிறிய ஊரில் வணக்கம் சொல்லாமல் போவது கவனிக்கப்படும்.

பெப்ரவரி முதல் புதன்கிழமை பகல் 1.30-க்கு நாடெங்கும் அபாயச் சங்கு ஊதும். அது சோதனை, பயப்பட வேண்டாம். போர்க்காலத்தைக் கண்டு வந்த மூத்தவர்கள் வீட்டில் இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வேறு நாளில், ஏறி இறங்கும் ஒலியாக ஒரு நிமிடம் ஊதினால் வானொலியைப் போட வேண்டும். அவசர எண்கள்: ஆம்புலன்ஸ் 144, தீ 118, போலீஸ் 117.

மலைப்பாதை அடையாளங்களும் தெரிந்திருக்க வேண்டும். வெறும் மஞ்சள் பலகை சாதாரண நடைபாதை. பலகையின் நுனி வெள்ளை, சிவப்பு, வெள்ளையாக இருந்தால் மலைப்பாதை. பிடிப்புள்ள காலணி வேண்டும். வெள்ளை, நீலம், வெள்ளை என்றால் அனுபவம் இல்லாமல் போகக் கூடாது. பலகையில் போட்டிருக்கும் நேரம் இடையே ஓய்வெடுக்காமல் நடப்பவருக்கு உரியது. பிள்ளைகளோடு போனால் ஒன்றரை மடங்கு கணக்கிடுங்கள். ஹோக்ஃப்ளூ உச்சிக்குப் பாறையில் இரும்பு ஏணி ஏற வேண்டும். முதல் ஆண்டில் அது வேண்டாம். கரையோரமாகப் புருன்னன் பக்கமோ விட்ஸ்னாவ் பக்கமோ போகும் வால்ட்ஷ்டேட்டர் பாதையில் தொடங்குங்கள். விட்ஸ்னாவ் வரை நடந்தால், 1871-இல் திறந்த ஐரோப்பாவின் முதல் பற்சக்கர மலை ரயிலையும் பார்த்துவிடலாம்.

ஊரின் செல்வம் எங்கிருந்து வந்தது

ஊருக்குள் நடக்கும்போது, இவ்வளவு சிறிய ஊருக்குப் பொருந்தாத பெரிய வீடுகள் சில கண்ணில் படும். அவை பட்டுப் பணத்தில் எழுந்தவை. 18-ஆம் நூற்றாண்டில் கமென்சிண்ட் குடும்பத்தார் தொடங்கிய தொழில் அது. கூட்டிலிருந்து நீளமாக உரிக்கும் நல்ல பட்டு இழை இல்லை. உரித்தபின் மிஞ்சும் கழிவு, கிழிந்த கூடு, சிக்கல் நூல் இவற்றை வாங்கினார்கள். அதைப் பசை போக ஊறவைத்து, கழுவி, சீப்பால் வாரி, குட்டை இழைகளை ஒன்று சேர்த்து நூற்றால் வருவது ஷாப்பெ பட்டு. மூலப்பொருள் இத்தாலியிலிருந்து கொத்தார்ட் கணவாய் வழியாக வந்து, ஃப்ளூயெலனில் படகேறி ஏரி வழியாக இறங்கியது. வாருவதும் நூற்பதும் வீடுகளில் நடந்தன. கெர்சாவில் மட்டும் இல்லை, அக்கம்பக்கத்து மலைக்குடிகளிலும். பனிக்காலத்தில் மாட்டைத் தவிர வேறு வேலை இல்லாத வீடுகளுக்கு அது கைக்காசு. 19-ஆம் நூற்றாண்டில் ஓடைநீரின் விசையில் இயங்கும் ஆலைகள் வந்தன. ஓடையோரமாக மேலே நடந்தால் அந்தத் தொழிலின் தடம் தெரியும். ஆலைக்கட்டடம் நீருக்கு ஒட்டி, முதலாளி வீடு கரையில், தொழிலாளி வீடு சரிவில் என்று ஊரின் அமைப்பே அதைச் சொல்லும்.

மார்செல்லுஸ் தேவாலயம் 1807 முதல் 1812 வரை கட்டப்பட்டது. தேதியைக் கவனியுங்கள்: குடியரசு பறிபோன பின், அது திரும்பக் கிடைக்கும் முன். அந்த இடைவெளியில் ஊரார் இவ்வளவு பெரிய கோயிலை எழுப்பியிருக்கிறார்கள்.

புருன்னன் சாலையில் ஒரு சிறு சிற்றாலயம் நிற்கிறது, கிண்ட்லிமோர்ட். 'பிள்ளைக் கொலை' என்பது பொருள். பசியால் அழுத தன் பிள்ளையை ஒரு பாட்டுக்காரன் பாறையில் அடித்துக் கொன்றான் என்பது கதை. பேருந்து நிறுத்தத்தில் அந்தப் பெயரைப் படித்துத் திடுக்கிடுபவர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

கெர்சாவ் வரலாற்றில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு மக்கள் உண்டு: யெனிஷ். வண்டியில் ஊர் ஊராகச் சென்று சாணை பிடித்தும், கூடை முடைந்தும், பழம்பொருள் வாங்கி விற்றும் வாழ்ந்தவர்கள். மற்ற இடங்களில் அவர்களை விரட்டியபோது, கெர்சாவ் ஆண்டுக்கு ஒரு தடவை ஊர்த்திருவிழாவை ஒட்டி அவர்கள் கூடித் தங்க இடம் கொடுத்தது. அதுதான் ஃபெக்கர்கில்பி. உறவு கண்டு, பெண் பேசி, ஆடிப் பாடிப் போகும் நாட்கள். 1832-இல் அது நின்றது. 1982-இல் யெனிஷ் மக்களே கெர்சாவில் அதை உயிர்ப்பித்தார்கள். இடையில் நடந்தது கொடுமை. 1926 முதல் 1973 வரை ப்ரோ யுவென்டூட்டெ என்ற பிள்ளைகள் நல அமைப்பின் ஒரு திட்டத்தின் கீழ் சுமார் 600 யெனிஷ் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து எடுக்கப்பட்டார்கள். இன்று யெனிஷ் மக்கள் நாட்டின் அங்கீகாரம் பெற்ற சிறுபான்மை. அவர்களை இழிவாகக் குறிக்கும் பழைய ஜெர்மன் சொற்கள் இன்னும் காதில் விழும். பிள்ளைகள் பள்ளியில் பிடித்துக்கொண்டு வந்தால் திருத்துங்கள்.

தமிழர்களுக்கு இந்த மாநிலத்தில் ஏற்கெனவே ஒரு பழக்கமான இடம் உண்டு. கெர்சாவைப் போலவே ஒற்றை ஊர் மாவட்டமான ஐன்சீடெல்னின் மடத்தில் உள்ள கரிய மாதாவைக் காணக் கத்தோலிக்கரோடு சைவரும் போகிறார்கள்.

நீண்டகாலம் தங்குபவர்களுக்கு

ஷ்வீட்ஸில் வெளிநாட்டவருக்கு ஊராட்சி வாக்குரிமையும் இல்லை. ஆனாலும் ஊர்ச்சபை கூடும் நாள் தெரிந்தால், பார்வையாளராக வரலாமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். பொதுவாகத் தனி இருக்கைகளில் உட்கார விடுவார்கள். வரவுசெலவைக் கையில் தாளோடு எழுந்து நின்று கேள்வி கேட்கும் விவசாயியைப் பார்த்தால், 1390 என்ன என்று புரியும்.

குடியுரிமைக்குக் கூட்டாட்சி கேட்பது 10 ஆண்டு வசிப்பு, சி அனுமதி (நிரந்தர வதிவிட அனுமதி), ஜெர்மனில் பேச்சு பி1, எழுத்து ஏ2 தரம். 8 முதல் 18 வயது வரை வாழ்ந்த ஆண்டுகள் இரட்டிப்பாகக் கணக்காகும். மாநிலம் தன் பங்குக்கு மேலும் கேட்கும், ஊரில் இத்தனை ஆண்டு இருந்திருக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. ஆகவே இடையில் பக்கத்து ஊருக்கு வீடு மாறும் முன் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு மாறுங்கள். ஒன்பதாம் ஆண்டில் மலிவு வாடகைக்காக எல்லையைத் தாண்டி மறுபடி முதலிலிருந்து எண்ணியவர்கள் இருக்கிறார்கள்.

கிடைத்த பின் வரும் கடவுச்சீட்டில் பிறந்த ஊர் இருக்காது. அந்த இடத்தில் 'ஹைமாட்ஓர்ட்', பூர்வ ஊர், என்று போட்டிருக்கும். யாழ்ப்பாணத்திலோ தஞ்சாவூரிலோ பிறந்திருந்தாலும், இங்கே குடியுரிமை பெற்றவருக்கு அது கெர்சாவ். பிள்ளைகளுக்கும், அவர்கள் ஜெனீவாவில் பிறந்து இந்த ஏரியைப் பார்க்காமலே வளர்ந்தாலும், அதே பெயர்தான் வரும். கெனொஸ்ஸமெயில் மட்டும் அதனால் இடம் கிடைக்காது. அது இரத்த வழியில் வருவது.